நஸீர் நானாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

ஜூலை 11, வெள்ளி

விடிந்ததிலிருந்து காற்று. வெளியே காயப்போட்ட நீச்சல் தடாகத் துவாய்கள் நான்கு பறந்து பின்வேலி முள்ளில். எடுக்கப் போய் முழங்கையில் கீறல்.

இந்தக் கொப்பி சாட்சிக்காக வாங்கியது. நாளை மறுநாள் சபையில் நான் பேச வேண்டும். தலைப்பு பாஸ்டர் தந்தது: வேலைத்தளத்தில் விசுவாசம். "மனசுல வர்றத முதல்ல எழுதிப் பாருங்க பிரதர், மேடையில தடுமாறாது" என்றார். எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியவை:

1. சீகிரியாவில் ஹோட்டல் லோண்டரி. பதினொரு வருஷம். சுப்பவைசராக எட்டு.

2. அறைகளில் விட்டுப்போன சாமான். தலையணை உறைக்குள் மோதிரம், மூன்று தரம். மூன்றும் ரிசப்ஷனில் ஒப்படைத்தது.

3. குடி இல்லை. ஸ்டாஃப் பார்ட்டி இல்லை. அதனால் "பாதிரியார்" என்று பட்டப்பெயர். (சிரிப்பு வரும், இதை முதலில் சொல்லலாம்.)

4. எட்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை கூடத் தவறவில்லை.

நாலாவதுதான் முக்கியம். ஹோட்டலில் வேலை செய்கிறவனுக்கு ஞாயிறு கிடைப்பது குதிரைக் கொம்பு. ஞாயிறுதான் அறைகள் காலியாகும் நாள். அழுக்குப் பெட்சீட் மலையாகக் குவியும் நாள்.

எனக்குக் கிடைப்பது நஸீர் நானாவால், வயதில் எனக்கு அண்ணன். எங்கள் ஹோட்டலில் பொய்லரைப் பார்க்க அத்தாட்சிப் பத்திரம் இருப்பது இரண்டே பேருக்கு, அவருக்கும் எனக்கும். லோண்டரிக்கும் சமையலறைக்கும் ஆவி, அறைகளுக்குச் சுடுதண்ணீர், எல்லாம் அதிலிருந்துதான். பத்திரம் இல்லாதவன் கை வைக்கக்கூடாது, எரிகிற நேரம் இரண்டில் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நான் சுப்பவைசரான மாதமே பேசிக்கொண்டது: வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவர் போகலாம், நான் நிற்பேன். ஞாயிறு நான் போகலாம், அவர் நிற்பார். மனேஜரிடம்கூடக் கேட்கவில்லை. ரோஸ்டர் போடுவது நான்தானே.

இன்றும் பன்னிரண்டு மணிக்கு ஹோட்டலுக்கு மரக்கறி கொண்டுவரும் வானில் ஏறித் தம்புள்ளைக்குப் போனார். இரண்டு மணிக்கு வந்துவிட்டார். அவருக்கு இரண்டு மணித்தியாலம், எனக்கு ஒரு முழு நாள். ஒருநாளும் அவர் இதைக் கணக்குப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை என்று பெருமையாக எழுத வந்தேன். எழுதியபின் அவ்வளவு பெருமையாகத் தெரியவில்லை.

வந்ததும் கேட்டார், "எவ்வளவு நேரம் பேசுவீங்க தம்பி?"

"பத்து நிமிஷந்தான் நானா."

"என்னப் பத்தியும் ஏதும் செல்லுவீங்களா?"

"சொல்லாம?"

"நல்லதா செல்லுங்க. உம்மாக்கு கேட்டா சந்தோசப்படுவா."

அந்த உம்மா, நானாவின் தாய், மாத்தளையில், நானாவின் தங்கச்சியோடு. எண்பத்திரண்டு வயது. நானா தினம் பத்து மணிக்கு மெஷின் சத்தத்துக்கு நடுவில் போனில் கத்திப் பேசுவார். காது கேட்காதது உம்மாவுக்கா இவருக்கா என்று லோண்டரிப் பெண்களுக்கு ஒரு பகிடி.

ஜூலை 12, சனி

பொய்லர் பிரஷர் 6.5. தண்ணீர் சரி. நாளை கல்யாணம், மேசை விரிப்பு எண்பது, நாப்கின் முந்நூறு, எல்லாம் மூன்று மணிக்கு முன் முடிந்தது. மேசை விரிப்பில் மஞ்சள் கறை இரண்டு. போகவில்லை. மடித்து அடியில் வைத்தாயிற்று.

நாலு மணி பஸ்ஸுக்கு நான் பையை எடுக்கும்போது ந. நானா வந்து நின்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"தம்பி, நாளைக்கு மட்டும் நீங்க நிக்க ஏலுமா? உம்மாக்கு ரெண்டு நாளா சாப்பாடு எறங்குதில்ல. தங்கச்சி போன் பண்ணினா. ஒருக்கா போய் மொகத்தப் பாத்துட்டு வந்தா மனசுக்கு சரி."

"நாளைக்கா நானா? நாளைக்குத்தானே அந்தச் சாட்சி. எல்லாருக்கும் சொல்லியாச்சு. திங்கக்கிழம விடிய வந்துருவேன். நீங்க திங்கள் செவ்வாய் ரெண்டு நாளும் எடுங்களேன்."

துணியை மடித்துத் தோளில் போட்டார். பிறகு, "அப்ப சரி. திங்கக்கிழம போறேன். இன்ஷா அல்லாஹ்."

"உம்மாவுக்கு நான் ஜெபம் பண்றேன் நானா."

"பண்ணுங்க தம்பி."

எட்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் ஞாயிறு. பஸ்ஸில் நாவுலை வரைக்கும் இது உறுத்திக்கொண்டிருந்தது. பிறகு சமாதானம் வந்தது: வயதானவர்களுக்கு இப்படி வரும், போகும். அப்படியே ஏதும் நடந்தாலும் அடக்கத்துக்கு எப்படியும் இரண்டு மூன்று நாள் இருக்கும், போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆறரைக்குப் பலாபத்வல, வீடு. எஸ்தர் என் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணி வைத்திருந்தாள். லோண்டரிக்காரன் வீட்டில் பெண்சாதிதான் அயன் பண்ணுவது. இதையும் சாட்சியில் சேர்க்கலாம். சிரிப்பார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

ஹோட்டல். பொய்லரடி மர வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஆறே முக்கால்.

உம்மா காலை பத்தரைக்கு மவுத்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். இன்றே. நானா போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த நேரமெல்லாம் என் போன் என் சட்டைப்பையில். அணைத்து.

இன்று இனி எழுத முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

காற்று. பொய்லர் 6.5. இரவு தூக்கமில்லை.

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு வசதியாக நானே மாற்றிக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒன்பதரைக்கு ஆராதனை. மேடைக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்க வைத்தார்கள். போனை அணைத்தேன். பதினொன்று இருபதுக்கு எழுந்து பேசினேன். பத்து நிமிஷம் என்றது இருபது ஆயிற்று. பாதிரியார் பகிடிக்குச் சிரிப்பு. மோதிரத்துக்கு ஆமென். நாலாவதுக்கு வந்தபோது இப்படிச் சொன்னேன்: "எட்டு வருஷமா ஒரு ஞாயிறும் நான் தவறவிட்டதில்ல. அதுக்காகக் கர்த்தர் ஒரு முஸ்லிம் சகோதரனோட இருதயத்தத் திறந்தார். இன்னைக்கும் இந்த நேரத்துல எனக்காக அவர் அங்க நிக்கிறார்." ஆமென் பலமாக விழுந்தது. சிலர் கை தட்டினார்கள்.

அந்த நேரத்தில் அவர் அங்கேதான் நின்றார். உம்மா இறந்து ஒரு மணித்தியாலம்.

பதினொன்று நாற்பதுக்கு இறங்கினேன். அப்போதே போனைப் போட்டிருக்க வேண்டும். ஆனால் கை குலுக்க வந்தார்கள். வாலிபர் சங்கத்தார் போட்டோ எடுத்தார்கள். பிறகு சபைச் சாப்பாடு. ஒரு அம்மா தன் மகனை அழைத்துவந்து, "இந்த அங்கிள மாதிரி இருக்கணும்" என்றார். நான் அவன் தலையைத் தடவிக் கொடுத்தேன். போன் ஞாபகமே இல்லை. இருந்திருந்தாலும் அணைத்தே வைத்திருப்பேனோ என்னவோ. நல்லாயிருந்தது அந்த நேரம்.

இரண்டேகாலுக்குப் போட்டேன். ஒன்பது அழைப்பு. முதலாவது பத்து நாற்பத்திரண்டு.

நானே அவருக்கு எடுத்தேன். அவர் அழவில்லை. "உம்மா மவுத்து தம்பி. அஸருக்கு அடக்கம். இனி நீங்க வந்து சேர்றத்துக்குள்ள நேரம் போயிரும். பரவாயில்ல, பக்கத்து ஹோட்டல்ல இருந்து ஒருத்தர அனுப்புறாங்களாம், பாப்பம்."

சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு றோட்டுக்கு ஓடினேன். பஸ் வந்தது இரண்டு ஐம்பதுக்கு. அதே நேரம்தான் அவருக்கு மாற்று ஆள் வந்து, அவர் திரீவீலில் கிளம்பியிருக்கிறார். அவர் தெற்கே, நான் வடக்கே, ஒரே றோட்டில். நாவுலைக்கு அங்கால் எங்கேயோ நாங்கள் கடந்திருக்கவேண்டும். நான் பார்க்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட வேண்டாம் என்று நினைத்தும் போட்டேன். பதினொன்று நாற்பதுக்குப் போனைத் திறந்து, ஒரு வான் பிடித்திருந்தால், ஒன்றரைக்குள் இங்கே. அவர் மூன்றரைக்கு மாத்தளையில். அஸருக்கே போய்ச் சேர்ந்திருப்பார். உம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பார். ஒரே மகன்.

இன்னொன்று. நான் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து அந்த மையத்து வீடு, உம்மாவின் உடல் கிடந்த வீடு, இருபது நிமிஷம். மகனுக்கு இரண்டு மணித்தியாலம்.

இரண்டு மூன்று நாள் இருக்கும் என்று சனிக்கிழமை எழுதியிருக்கிறேன், மேலே அப்படியே இருக்கிறது. எங்கள் வீடுகளில் அப்படித்தான். எம்பாம் பண்ணி, பெட்டியில் வைத்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காகக் காத்திருந்து, பாட்டுப் பாடி, மூன்றாம் நாள்தான் தூக்குவது. அவர்கள் அன்றைக்கே அடக்குவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன். தெரிந்திருந்தும் அவருடைய சாவை என் வீட்டு அளவில் அளந்துவிட்டேன்.

பின்னேரம் குமுது சொன்னது. (குமுது பெட்சீட் மடிப்பவள். சிங்களத்தில் சொன்னாள், நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.) போன் வந்ததும் நானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்து மனேஜரிடம் போனாராம். மனேஜர், கல்யாணம் நடக்கிறது, இருநூறு பேர், பொய்லரை நிறுத்த முடியாது, என் பெயரைச் சொல்லி, சாமுவேலுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றாராம்.

"விட்டுட்டுப் போங்கன்னு நாங்க எல்லாரும் சொன்னோம். 'எரியிறத நம்பி என் கையில தந்திருக்காங்க, எப்படி விட்டுட்டுப் போற' என்று கேட்டார். லுஹர் நேரத்துக்கு மடிக்கிற மேசைக்குப் பின்னால ஒரு பெட்சீட் விரிச்சுத் தொழுதார். வந்து மறுபடியும் பிரஷரைப் பார்த்தார்."

பொய்லர் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அரை மணிக்கு ஒரு தரம் பிரஷரும் தண்ணீர் மட்டமும் எழுத வேண்டும். நான் பல நாள் கடைசியில் மொத்தமாக எழுதுகிறவன். அவருடைய பக்கம்: 11.00, 11.30, 12.00, 12.30, 1.00. ஒன்றும் தவறவில்லை. கையெழுத்தும் ஆடவில்லை. 1.30க்கு மட்டும் எண் இல்லை. ஒரு சின்னக் கோடு. 2.00க்கு மறுபடியும் 6.5.

வேலைத்தளத்தில் விசுவாசம் என்று இருபது நிமிஷம் பேசியவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஜூலை 15, செவ்வாய்

பெட்சீட் 140. துவாய் 210. ஒரு மெஷினின் பெல்ட் கீச்சிடுகிறது.

நானாவுக்குப் போன் பண்ணினேன். தங்கச்சியின் மாப்பிள்ளை எடுத்தார். நானா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறாராம். திருப்பி எடுக்கவில்லை.

போக வேண்டும். போக முடியாது. பொய்லருக்கு இப்போது நான் ஒருவன்தான். மனேஜரிடம் அரை நாள் கேட்டேன். "யார் நிற்பது?" என்றார். அந்தக் கேள்வி என் முகத்தில் எப்படி விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

ஜூலை 17, வியாழன்

பக்கத்து ஹோட்டல்காரரை மனேஜர் ஒரு நாளுக்குக் கேட்டு எடுத்தார். விடியற்காலை பஸ். பலாபத்வலயில் எஸ்தரும் ஏறிக்கொண்டாள். ஒரு கிலோ சீனி, பிஸ்கட். இதைத் தவிர எதைக் கொண்டுபோவது என்று தெரியவில்லை.

பஸ்ஸில் எஸ்தர்: "நீங்க சனிக்கிழம வந்து எங்கிட்ட சொல்லவே இல்லையே, நஸீர் நானா லீவு கேட்டாருன்னு."

"மறந்துட்டேன்."

"சொல்லியிருந்தா திரும்பிப் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

மறக்கவில்லை. அதைச் சொல்வாள் என்றுதான் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது அது நன்றாகவே தெரிகிறது.

வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகள். எஸ்தரை உள்ளே பெண்களிடம் அழைத்துப் போனார்கள். நானா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். தாடி நரைத்தது நாலு நாளில் கூடியிருந்தது. அல்லது நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

தங்கச்சி மாப்பிள்ளை பேசினார். கோபமாக அல்ல, எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகின குரலில். "அஸர் முடிஞ்சு அரை மணித்தியாலம் வச்சிட்டு இரிந்தோம். மச்சான் நாலந்தாவுல வாரார், பலாபத்வலயில வாரார்னு போன். பள்ளியால சென்னாங்க, மையத்த வச்சிட்டு இரிக்கக்கூடா, கொண்டு போங்கன்னு. தூக்கிட்டோம். அவர் நேரா மையவாடிக்குத்தான் வந்தார். நாங்க மண்ணப் போட்டு முடிஞ்சு துஆ ஓதுற நேரம்."

நானா: "போதும் மச்சான்."

தேநீர் வந்தது. நான் சொல்ல வந்ததை மூன்று தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன். "நானா, என்ன மன்னிச்சிருங்க. நீங்க கேட்டப்ப நான் நின்னிருக்கணும்."

"மன்னிக்கிறத்துக்கு என்ன இரிக்கி. அல்லாட நாட்டம்."

பிறகு, உண்மையாகவே விசாரிக்கிற முகத்தோடு கேட்டார், "உங்கட கூட்டம் எப்படி? நல்லாப் பேசினீங்களா?"

குத்திக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவருக்குக் குத்தத் தெரியாது. நான் "ம்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. அவர் என் கோப்பையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

திரும்பும்போது எஸ்தர் சொன்னாள். உள்ளே அவர் தங்கச்சி சொன்னதாம்: கடைசி நாள் உம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே கிடந்தாராம். "சாமுவேல் தம்பி விட்டா வருவான்" என்றாராம். என் பெயர் அந்தக் கிழவிக்குத் தெரியும். எட்டு வருஷமாகப் போனில் கேட்டிருப்பார்.

ஜூலை 19, சனி

பாஸ்டர் போன். சந்தோஷக் குரல். சாட்சி எல்லாரையும் தொட்டுவிட்டதாம். அடுத்த ஞாயிறு, 27, வாலிபர் ஒன்றுகூடல், மூன்று சபை சேருகிறது, அதே சாட்சியை அங்கேயும் சொல்ல வேண்டுமாம். "அந்த முஸ்லிம் சகோதரன் பகுதிய கட்டாயம் சொல்லுங்க பிரதர்."

நாளைக்கு வரமாட்டேன், வேலை என்றேன்.

"என்ன பிரதர், நீங்களேவா?"

விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பெல்ட் கீச்சிடுகிற சத்தம். கேட்கவில்லை பாஸ்டர், பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். சத்தம் அவ்வளவு பெரிதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எட்டு வருஷத்தில் இங்கே என் முதல் முழு ஞாயிறு. நானாவின் ஞாயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

எட்டு மணிக்கே வண்டி வண்டியாக வருகிறது. பெட்சீட் 260. துவாய் எண்ணவில்லை. சூட்டில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பத்து மணிக்கு நிற்க நேரமில்லை. அந்தப் பத்து மணிக்குத்தான் அவர் உம்மாவோடு பேசுவார். எங்கிருந்து நேரம் எடுத்தார்? குமுதுவிடம் கேட்டேன். ஞாயிறு மட்டும் அவர் காலைச் சாப்பாட்டுக்குப் போகமாட்டாராம், அந்த நேரத்தில் பேசுவாராம்.

பகல் சாப்பாடு மூன்றரைக்கு. கத்தரிக்காய், பருப்பு. ஆறிப் போயிருந்தது. போன ஞாயிறு சபையில் கோழிக்கறி.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கலாமா என்று, வேதத்தில் இயேசு கேட்ட அதே கேள்வியை, ஞாயிறுப் பள்ளியில் பிள்ளைகளிடம் நானே கேட்டிருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைகளும் தூக்கலாம் என்றுதான் சொல்லும்.

ஜூலை 23, புதன்

நானா வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கே. தாடி சீராக வெட்டி, வேலைச் சட்டை. பெண்கள் சுற்றி நின்று பேசினார்கள். நான் தள்ளி நின்றேன்.

பொய்லர் கொப்பியைப் புரட்டினார். நான் எழுதிய பக்கங்களில் அரை மணிக்கு அரை மணி ஒழுங்காக இருந்தது. பார்த்தாரா தெரியாது.

பகல் என் மேசைக்கு வந்து நின்றார். "சுப்பவைசர், ஒரு விஷயம்."

எட்டு வருஷமாகத் தம்பி. இன்றைக்குச் சுப்பவைசர். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

"என்ட லீவு நாள செவ்வாயில இருந்து வெள்ளிக்கு மாத்திக்கிட்டேன். மனேஜர் சரி சென்னார். இனி ஜும்மாக்கு நீங்க நிக்கத் தேவல்ல."

"எனக்கு அது ஒரு கஷ்டமே இல்ல நானா. ரெண்டு மணித்தியாலம் தானே."

"இல்ல, ஒருத்தருக்கும் பாரமா இரிக்க வேணாம்."

அவ்வளவுதான். போய்விட்டார். என்னிடமிருந்து அவர் வாங்கிக்கொண்டிருந்தது அந்த இரண்டு மணித்தியாலம் ஒன்றுதான். அதையும் இனி வாங்கமாட்டார்.

ஜூலை 25, வெள்ளி

ந. நானா லீவு. பன்னிரண்டு மணிக்கு மரக்கறி வான் கிளம்பியது. வழக்கம்போல அவர் இடத்தில் நிற்க எழுந்தேன், விடிந்ததிலிருந்து பொய்லரடியில் நான்தான் இருக்கிறேன் என்று பிறகுதான் நினைவு வந்தது.

27க்கு என் பெயர் ரோஸ்டரில் லீவு. முதலிலேயே போட்டது. நேற்று அவரிடம், "ஞாயிறு நான் நிக்கிறேன் நானா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். "பேர் போட்டிரிக்கிதானே சுப்பவைசர், நீங்க போங்க" என்றார்.

போவேன். போய் உள்ளதைச் சொல்வேன். அதுவாவது செய்யவேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

போனேன். சொன்னேன்.

மேடையில் கொப்பி இல்லாமல் நின்றேன். போனை அணைக்கவில்லை. பகிடி இல்லை, மோதிரம் இல்லை. சனிக்கிழமை அவர் கேட்டது, நான் சொன்ன பதில், ஒன்பது அழைப்பு, கோழிக்கறி, எல்லாம். என் ஞாயிறுகளைக் கர்த்தர் தரவில்லை, ஒரு மனிதர் தந்தார், அவர் பெயரைக்கூடப் போனதரம் நான் சொல்லவில்லை, அவர் பெயர் நஸீர் என்று சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் யாரும் கை தட்டவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது. யாராவது கோபப்பட்டு எழுந்து போனால்கூட நல்லது என்று இருந்தது.

பிறகு பின்னாலிருந்து ஒரு ஆமென். இன்னொன்று. கை தட்டு. போனதரத்தைவிடப் பலமாக. பாஸ்டர் மைக்கை எடுத்து, "என்ன ஒரு நொறுங்குண்ட சாட்சி! இப்படித் தாழ்த்துறவங்களத்தான் கர்த்தர் உயர்த்துவார்" என்றார். கண்ணீரோடு வந்து கட்டிப்பிடித்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அவருடைய உம்மாவை வைத்து இரண்டாவது தரமும் கை தட்டு வாங்கிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. எஸ்தர் ஒன்றும் கேட்காமல் கூட வந்தாள். வழியில் மட்டும், "அங்க சொன்னது சரி. ஆனா அது அவங்களுக்குக் கிடைக்க வேண்டிய பதில் இல்லையே. நீங்க நஸீர் நானாவுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

ஜூலை 28, திங்கள்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். பெல்ட் மாற்றினார்கள்.

காலை முதல் வேலையாக ஆகஸ்ட் ரோஸ்டர். ஐந்து ஞாயிறு வருகிறது. ஐந்திலும் பொய்லருக்கு என் பெயரைப் போட்டேன். நானாவுக்கு வெள்ளியோடு ஞாயிறும் லீவு, அந்த இரண்டாவது நாளை என்னுடைய கணக்கிலிருந்து கொடுத்திருக்கிறேன். ஆராதனைக்கு என்ன செய்வது, தெரியவில்லை. புதன் மாலை ஜெபக்கூட்டம் இருக்கிறது, பார்க்கலாம். சரியான காரியம் ஒன்றைக் கடைசியில் செய்துவிட்டேன் என்று பேனையை மூடும்போது மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

தாளைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். எண்ணெய்க் கையால் பிடிக்காமல் விரல் நுனியால் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு ஞாயிறாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன சுப்பவைசர்?"

"இனி ஞாயித்துக்கிழம நான் நிக்கிறேன் நானா. நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. களைத்துப்போன முகம்.

"உம்மா இரிந்தப்ப ஒன்னு கேட்டேன். இப்ப அஞ்சு தாறீங்க. யாரப் பாக்கப் போற?"

தாளை என் கையில் திருப்பித் தந்தார். மணி பத்து. பிரஷர் பார்க்கப் போய்விட்டார்.